அப்பா மலாய் பேசிய நாட்கள்

தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டில் ஒரு கதை சொல்லப்படும். சொல்வது அம்மா. வந்தவர்கள் சாப்பிட்டு முடித்து நாற்காலிகளில் சரிந்ததும், அப்பா இடது கையால் காப்பிக் கோப்பையை எடுப்பதை யாராவது கவனித்து, "இப்ப எப்படிங்க இருக்கு கை?" என்று கேட்பார்கள். அம்மாவுக்கு அது போதும். "பேசுன பாஷையெல்லாம் மறந்துட்டாரு, என்னை மட்டும் மறக்கல" என்று ஆரம்பித்துவிடுவாள். அப்பா தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். அந்த நாட்கள் எதுவும் அவர் நினைவில் இல்லை.

அம்மா சொல்லும் கதையில் நான் வருவதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அவள் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் என் வாய் வழியாகத்தான் போய்வந்தன.

எனக்கு அப்போது பத்து வயது. தொடக்கநிலை நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கிளமெண்டியில், ஒன்பதாம் மாடியில். அப்பா ஜூரோங் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டினார். வாய் ஓயாத மனிதர். வானொலியில் செய்தி வாசிப்பவருக்கே பதில் சொல்வார். அம்மா பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். தேக்காவில் ஒரு சேலைக் கடையில் வேலை பார்த்தாள். ஆங்கிலம் கடைக்கு வேண்டிய அளவு வரும், அதாவது விலையைச் சொல்லவும் குறைக்க மாட்டேன் என்று சொல்லவும் தெரியும்.

ஒரு சனிக்கிழமை காலை அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கீழே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லவே மாலையாகிவிட்டது. வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது.

மருத்துவர்களிடம் பேசியது மாமா. அம்மாவின் தம்பி. சென்னையிலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நல்லவர். எந்தப் பிரச்சினைக்கும் உடனே ஒரு தீர்வு சொல்லிவிடுவார், அதுதான் அவரிடம் இருந்த ஒரே சங்கடம். திங்கட்கிழமை பேச்சு சிகிச்சை நிபுணர் வந்தபோதும் மாமாதான் முன்னால் நின்றார்.

அந்த நிபுணர் ஒரு சீனப் பெண். மாமாவைவிட இளையவர். கையில் படங்கள் வைத்திருந்தார். கோப்பை, சாவி, நாய், குடை. சாவியைக் காட்டுங்கள் என்று அப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார். மாமா அதையே தமிழில் கேட்டார். அப்பா ஜன்னலைக் காட்டினார். கண்ணை மூடுங்கள் என்றார்கள். அப்பா இன்னும் நன்றாகக் கண்ணை விரித்து அவர்களைப் பார்த்து ஏதோ சொன்னார். ஒரு பக்கம் இழுத்த வாயிலிருந்து கொழகொழவென்று வந்த சத்தம் அது. நிபுணர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். மூளையில் பேச்சு இருக்கும் பகுதி அடிபட்டால் இப்படிப் பொருளில்லாத ஒலிகள் வருவதுண்டு என்றார். வியாழக்கிழமை இன்னொரு முறை பார்ப்போம். அன்றும் சொன்னதைப் புரிந்துகொள்ளாவிட்டால், கை காலைப் பழக்கி நடக்கவைக்கும் சமூக மருத்துவமனையில் இடம் கிடைப்பது கஷ்டம். சொல்வது புரிந்தால்தானே பயிற்சி கொடுக்க முடியும்.

மாமா அன்று மாலையே தீர்வைச் சொன்னார். மருத்துவமனையின் கீழ்த்தளத்து உணவங்காடியில், ஆறிப்போன தேநீருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடலாம். திருச்சி வரைக்கும் ஃபிளைட்டு, அங்கேருந்து வண்டி. வீட்ல ஆளுங்க இருக்காங்க, பாத்துப்பாங்க. இங்க தனியா நீ என்ன பண்ணுவ?"

ஊருக்குப் போவது என்றால் என் பள்ளி, என் தோழிகள், என் கட்டில் எல்லாம் போய்விடும் என்று நான் கணக்குப் போட்டேன். அப்பா ஏதோ ஒரு பின்னறையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருப்பார் என்பதும் தெரிந்தது. என் பயம் அதுதான்.

அம்மாவின் பயம் வேறு. அவள் ஒவ்வொரு முறை அப்பாவின் பக்கத்தில் உட்காரும்போதும், தாதி நகரும் வரை காத்திருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னைத் தெரியுதா?" என்று கேட்பாள். அப்பா அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பவர் பார்க்கிற பார்வை. எங்கள் வீட்டில் அப்பா அம்மாவை அப்படிப் பார்த்ததே கிடையாது. சண்டை போடும் பார்வை, கேலி செய்யும் பார்வை, உப்பு போதாது என்கிற பார்வை எல்லாம் உண்டு. இந்த மரியாதைதான் அம்மாவை நடுங்கவைத்தது.

புதன்கிழமை பள்ளி முடிந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். அப்பாவுக்கு ஜன்னலோரப் படுக்கை. அம்மாவும் மாமாவும் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்து அதே சத்தத்தை எழுப்பினார். நான் பயப்படாமல் கேட்பது அதுதான் முதல் தடவை. பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்றால் பயப்படவும் தோன்றாது.

"புக்கா திங்காப். பானாஸ். புக்கா திங்காப்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அந்த ராகம் தெரிந்தது. எங்கள் சமையலறை ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அங்கிருந்து, பிறந்ததிலிருந்தே, ஒரு குரல் என் காதில் விழுந்துகொண்டிருந்தது. மகனை எழுப்பும் குரல், பூனையை விரட்டும் குரல், தொலைபேசியில் சிரிக்கும் குரல். ஒரு சொல்லுக்கும் எனக்குப் பொருள் தெரியாது. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எந்த இடத்தில் நீளும் என்பது மட்டும் மனப்பாடம். அப்பாவின் சத்தம் அதே மாதிரி ஏறி அதே மாதிரி இறங்கியது.

அம்மா திரும்பி வந்ததும் சொன்னேன்.

"அம்மா, அப்பா பக்கத்து வீட்டு பாஷை பேசறாரு."

"வாய மூடு" என்றாள் அம்மா.

மாமா என் தலையைத் தடவி, இந்த நோயில் அப்படித்தான் உளறுவார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் அப்பா பேசியது தமிழ், வேலையிடத்தில் ஆங்கிலம். மலாய் என்று பார்த்தால் உணவங்காடியில் காப்பி வாங்க எல்லாரும் சொல்கிற நாலு சொல்தான். சொந்த மொழியை மறந்த ஒருவர் அடுத்தவர் மொழியைப் பேசுவார் என்று யாருக்குத் தோன்றும்? அந்தக் கூடத்துத் தாதியர் பிலிப்பீன்சிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வந்தவர்கள். வாய் கோணியிருந்த அப்பாவின் குழறலில் அவர்களுக்கு எந்த மொழியும் கேட்கவில்லை.

நான் அந்தச் சத்தத்தை விடவில்லை. பள்ளியில் சொல்வதெழுதுதலுக்குப் படிப்பதுபோல், வீடு திரும்பும் பேருந்து முழுக்க அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இங்கே ஒரு சிக்கல் இருந்தது. பக்கத்து வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அந்த வீட்டு மலாய்க்கார அம்மாவை நான் மாக்சிக் என்று கூப்பிடுவேன். அம்மா வயதுள்ள மலாய்ப் பெண்களை இங்கே அப்படித்தான் அழைப்போம். மாக்சிக்கிடம் ஒரு சாம்பல் பூனை இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா வாசலில் போடும் அரிசிமாக் கோலத்தின் நடுவில் வந்து உட்காருவது அதன் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா பொறுமை இழந்து தமிழில் கத்தினாள். மாக்சிக் வெளியே வந்து மலாயில் கத்தினார். இருவருக்கும் மற்றவர் சொன்னது ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை, ஆனாலும் இருவரும் ஆழமாகப் புண்பட்டார்கள். அதன்பின் மின்தூக்கியில் சந்தித்தால் ஒருவர் கதவைப் பார்ப்பார், மற்றவர் மாடி எண்களைப் பார்ப்பார்.

அம்மா குளிக்கப் போன நேரத்தில் நான் பக்கத்து வீட்டு இரும்புக் கதவைத் தட்டினேன். மாக்சிக் வந்தார். பூனையும் வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல், மறந்துபோகுமோ என்ற அவசரத்தில், மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "புக்கா திங்காப், பானாஸ், புக்கா திங்காப்."

மாக்சிக் திகைத்துப்போய், யாருக்கு வெக்கையாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் அப்பா சொன்னார் என்றேன். மாக்சிக் தன் வீட்டு ஜன்னலைக் காட்டி, திறப்பதுபோல் கையால் தள்ளிக் காட்டினார். வெக்கையாக இருக்கிறது, ஜன்னலைத் திற. அவ்வளவுதான் அதற்குப் பொருள். சாவி எங்கே, நாய் எங்கே என்று மூன்று பேர் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அப்பா தலைக்கு மேலிருந்த ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.

திரும்பினால் ஈரத்தலையோடு அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அடி விழும் என்று நினைத்தேன். தமிழில் அவசர அவசரமாக எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாக்சிக்கைப் பார்த்தாள். மாக்சிக்கும் அம்மாவைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பூனை நிதானமாக எங்கள் வாசலுக்கு நடந்துபோய் உட்கார்ந்தது, அதை யாரும் விரட்டவில்லை.

"நாளைக்கு வர முடியுமான்னு கேளு" என்றாள் அம்மா.

நான் ஆங்கிலத்தில் பாதிகூடச் சொல்லவில்லை. மாக்சிக் முந்திக்கொண்டு, "கேன் லா, கேன்" என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. இதுவும் பின்னாளில் அம்மாவின் கதையிலிருந்து காணாமல்போன விஷயங்களில் ஒன்று. அம்மாவுக்குத் தமிழ், மாக்சிக்குக்குக் கொஞ்சம் ஆங்கிலம், நடுவில் நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மாமா பாலமாக இருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். மாமாவின் ஆங்கிலம் மாக்சிக்குக்குப் புரியவில்லை, மாக்சிக்கின் ஆங்கிலம் மாமாவுக்குப் புரியவில்லை.

கூடத்துக்குள் போனதும் மாக்சிக் செய்த முதல் வேலை ஜன்னலைத் திறந்ததுதான். பிறகு அப்பாவிடம் குனிந்து ஏதோ கேட்டார். அப்பாவின் முகம் மாறியது. அவ்வளவு நாள் கதவைத் தட்டித் தட்டிச் சலித்தவருக்குக் கதவு திறந்ததுபோல் அவர் பேசத் தொடங்கினார். குழறிக் குழறி, எச்சில் வடிய, நிறுத்தாமல். மாக்சிக் பதில் சொன்னார், சிரித்தார், முக்காட்டு நுனியால் அவர் வாயைத் துடைத்தார். அம்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தாள். தன் புருஷனை இன்னொருத்தி பேசவைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று நான் யோசிக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. கண்டுபிடித்தது நான் அல்லவா.

மாக்சிக் எனக்குச் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அப்பா சின்ன வயதில் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார். அவருடைய அப்பா மூட்டை தூக்கப் போக, அம்மா பாத்திரம் கழுவப் போக, பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள்தான் பகலெல்லாம் அவரை வைத்துக்கொண்டு சோறு ஊட்டியிருக்கிறார்கள். தமிழைவிட முந்தி அவர் வாயில் வந்தது மலாய்தான்.

"பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்" என்றாள் அம்மா, யாரிடம் என்றில்லாமல். "இதுல ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்ல."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தஞ்சோங் பகாரில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கி நடக்கிற தெருக்கள் அவருக்கு நினைவு வந்திருக்கலாம்.

நிபுணர் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கண்கள் விரிந்தன. படங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாக்சிக்கைக் கேட்கச் சொன்னார். கண்ணை மூடுங்கள் என்று மாக்சிக் மலாயில் சொன்னார். அப்பா கண்ணை மூடினார். இடது கையைத் தூக்குங்கள் என்றார். கை மேலே எழுந்தது. சாவி, நாய், குடை எல்லாம் சரியாக வந்தன. கோப்பையில் மட்டும் தடுமாறிப் பிறகு அதையும் தொட்டார். மாமா கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நிபுணர் எனக்குப் புரியும்படி மெதுவாக விளக்கினார். பல மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே சமயத்தில் திரும்பி வராது. சிலருக்குச் சின்ன வயதில் பழகியது முதலில் வரும். மற்றவை பின்னால் வரலாம், வராமலும் போகலாம். இப்போதைக்கு அவருக்குச் சொல்வது புரிகிறது, அது போதும், சமூக மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். நான் அதை அம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்தாள். அவள் விரல்கள் அழுத்தியதில் எனக்கு வலித்தது.

"மாக்சிக்கை அவர்கிட்ட கேக்கச் சொல்லு. நான் யாருன்னு தெரியுதான்னு."

மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அக்கா, இப்ப வேணாம். ஆஸ்பத்திரியிலதான் ஓகேன்னு சொல்லிட்டாங்கல்ல. இதெல்லாம் மெல்லக் கேட்டுக்கலாம்."

"இப்பவே தெரியணும்."

"தெரியலன்னு சொல்லிட்டாருன்னா?"

"சொல்லட்டும். நீ சொன்ன மாதிரியே ஊருக்குக் கொண்டுபோயிடறேன். நான் யாருன்னே தெரியாத ஆளோட இந்த ஊர்ல நான் எப்படிடா தனியா இருப்பேன்?" சொல்லும்போதே அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கவும் இல்லை.

நான் மாக்சிக்கிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். ஊருக்குப் போவதா இருப்பதா என்பது இந்த ஒரு பதிலில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மாக்சிக் அம்மாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அப்பாவின் பக்கம் குனிந்து கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மாக்சிக்கிடம், பக்கத்தில் இருப்பவர் காதில் விழக்கூடாது என்பதுபோல், தணிந்த குரலில் பேசினார். இடையிடையே நிறுத்தி நிறுத்தி, நாலு துண்டாக வந்தது. "சியாப்பா பெரெம்புவான் தூ? கெனாப்பா டியா நாங்ஙிஸ்?" என்று இரண்டு. "ஜாங்ஙான் நாங்ஙிஸ்" என்று ஒன்று. கடைசியாக, "நாந்தி லாக்கி டியா பாலேக்."

மாக்சிக் உடனே திரும்பவில்லை. முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினார், அதே இடத்தில் மறுபடி குத்தினார். பக்கத்துப் படுக்கைக்குச் சாப்பாடு கொண்டுவந்த மலாய்க்கார ஊழியர் தள்ளுவண்டியோடு நின்று மாக்சிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மாக்சிக் நிமிர்ந்து, என்னைப் பார்க்காமல், நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

"ஹீ சே, தட் ஒன் மை வைஃப் லா. ஹவ் கேன் ஃபர்கெட்."

"அது என் பொண்டாட்டி, எப்படி மறப்பேன்னு சொல்றாரும்மா" என்றேன் நான்.

ஊழியரின் தள்ளுவண்டி நகர்ந்தது. அப்பா பேசியது நாலு துண்டு, மாக்சிக் சொன்னது அதில் பாதிதான் இருக்கும். மலாய் கொஞ்சம் நீளமான மொழி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாய்விட்டு அழுதாள். கூடமே திரும்பிப் பார்த்தது. அப்பா அவளைப் பார்த்துக் கவலையோடு, "ஜாங்ஙான் நாங்ஙிஸ்" என்றார். அம்மா அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். பிறகு மாக்சிக்கின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். மாமாவிடம் திரும்பி, "டிக்கெட்டெல்லாம் பாக்காதே. நாங்க எங்கயும் வரல" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனாள். தன்னைத் தெரிந்த மனிதரை விட்டுவிடுவாளா? சேலைக் கடையில் மதியம் வரை வேலை, பிறகு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாத பேச்சு. இது கரண்டி, இது வாழைப்பழம், இவன் உங்க மச்சான் என்று அவருக்குத் தமிழைத் திரும்ப ஊட்டினாள். தமிழ் வரும் வரைக்கும் பேசாமல் இருக்க முடியுமா என்று, மாலையில் தாழ்வாரத்தில் செருப்பு அடுக்குக்குப் பக்கத்தில் மாக்சிக்கோடு உட்கார்ந்து, அப்பாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் மலாயில் கேட்டுக்கேட்டுப் பழகினாள். மாக்சிக்கின் பூனை அவள் மடியில் கிடந்தது. பட்டுக்கோட்டையில் பிறந்து தமிழைத் தவிர எதுவும் ஒழுங்காகப் பேசாத அம்மாவுக்கு அந்த மொழி சரசரவென்று வந்தது. அவசரம் இருந்தால் எதுவும் வரும் போலிருக்கிறது.

அப்பாவின் முதல் தமிழ் வாக்கியம், "உப்பு கம்மி." அம்மா அன்று அந்தச் சாம்பாரை வாளியோடு பக்கத்து வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். தமிழ் வர வர அப்பாவின் மலாய் பின்வாங்கியது. ஆங்கிலம் கடைசியில் வந்தது. மருத்துவமனையில் இருந்த முதல் வாரம் அவருக்கு ஒரு வெற்றிடம். தஞ்சோங் பகாரைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார். ஆனால் அம்மாவைப் பழையபடி, மரியாதையில்லாமல் பார்த்தார்.

உயர்நிலை ஒன்றில் நான் மூன்றாம் மொழியாக மலாய் எடுத்தேன். முதல் வாரத்திலேயே ஆசிரியர் கேள்விச் சொற்களை வெண்பலகையில் எழுதினார். சியாப்பா என்றால் யார். கெனாப்பா என்றால் ஏன். அந்த வியாழக்கிழமை வீடு திரும்பும் பேருந்திலும் அப்பா சொன்ன நாலு துண்டையும் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன், அந்த ஒலிகள் எனக்குள் அப்படியே இருந்தன. பொருள் தெரியாமல் வைத்திருந்ததாலோ என்னவோ, ஒன்றுகூடத் தேயவில்லை. பெரெம்புவான் அடுத்த வாரம் வந்தது. நாங்ஙிஸ் அதற்கும் பிறகு வந்தது. லாக்கி பாடப்புத்தகத்தில் இல்லை. ஒரு மலாய்த் தோழியிடம் கேட்டேன். புருஷன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள்.

யார் அந்தப் பெண்? ஏன் அழுகிறாள்? அழ வேண்டாம். அவள் புருஷன் வந்துவிடுவான்.

நான் பள்ளிக் கழிப்பறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாலையில் மாக்சிக் தாழ்வாரத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் நின்று அந்த வாக்கியங்களை, நாலையும், அப்பா நிறுத்திய இடங்களில் நிறுத்திச் சொன்னேன். மாக்சிக்கின் கையிலிருந்த குவளை அப்படியே நின்றது. பிறகு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

"உன் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது" என்றார் மலாயில். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

அந்த வருடத் தீபாவளிக்கும் எல்லாரும் வந்தார்கள். சமையலறையில் அம்மாவும் மாக்சிக்கும் வடை தட்டிக்கொண்டே இறால் விலையைப் பற்றியும் மாக்சிக்கின் மருமகளைப் பற்றியும் மலாயில் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரில் யார் பிறவியிலேயே அதைப் பேசியவர் என்று முகம் பார்க்காமல் சொல்ல முடியாது. சாப்பாடு முடிந்தது. அப்பா இடது கையால் கோப்பையை எடுத்தார். அம்மா கதையைத் தொடங்கினாள். நான் மாக்சிக்கைப் பார்த்தேன். மாக்சிக் முறுக்குத் தட்டைப் பார்த்தார்.

அம்மா முடித்ததும் மாமா கேட்டார். அவருக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது, மனைவி கதையை முழுதாகக் கேட்க வேண்டும் என்று ஆசை.

"அக்கா, அப்ப அத்தான் மலாய்ல கரெக்டா என்ன சொன்னாரு? அப்படியே சொல்லேன்."

அம்மா எழுந்து, மாக்சிக்கின் தட்டில் இன்னொரு முறுக்கை எடுத்துவைத்தாள்.

"எனக்கென்னடா மலாய் தெரியும்" என்றாள். "மாக்சிக் சொன்னாங்க, எனக்கு அது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லவேளை, அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தது. அப்பா அதைச் சொன்னபோது அம்மாவின் காதும் என் காதுக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்பது பதின்மூன்று வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.